குப்பைத்தொட்டியில் முளைத்த ஃபைல்கள்

இந்தக் கிறிஸ்துமஸுக்குள் வீட்டில் புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியே தீரும் என்று சபதம் போட்டேன். மனசுக்குள்தான் போட்டேன். வாய்விட்டுப் போட்டால் நெனித்தாவின் காதில் விழும்.

என் மனைவிக்கு, கிறிஸ்துமஸுக்கு ஆபீஸில் போனஸாகக் கொடுக்கும் என் பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தில் ஃப்ரீசர் வேண்டும். அவள் விற்கும் பாக்கெட் ஐஸுக்கு இலோய்லோ நகரில் எங்கள் தெருவே அடிமை. “நல்லா ஓடுற கம்ப்யூட்டரை எதுக்கு மாத்தணும்?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆகவே கம்ப்யூட்டரைச் சீக்காளி ஆக்கினேன்.

தினமும் வாயில் நுழையாத பெயர்களில் நாலைந்து ஃபைல் செய்வேன். கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் குப்பைத்தொட்டியிலேயே போட்டுவைப்பேன். பிறகு அலறுவேன்.

“நெனித்தா, இங்க வந்து பாரு! நாம போடாத ஃபைலெல்லாம் குப்பையில கிடக்கு. பெட்டிக்கு இழுத்துக்கிட்டு இருக்கு.”

“அய்யோ பாவம். இப்ப என்னங்க செய்யறது?”

“புதுசுதான் வாங்கணும்.”

“அதுக்கு முன்னாடி ஃபாதர் செல்சோவைக் கூப்பிட்டு மந்திரிச்சுப் பாத்துடலாம்.”

ஃபாதர் வந்தார். ஜீப்பையும் பன்றிக் கொட்டகையையும் மந்திரிக்கிறவருக்குக் கம்ப்யூட்டர் எம்மாத்திரம்? தீர்த்தத்தை வாரி இறைத்தார். நான் துண்டோடு பின்னாலேயே ஓடித் துடைத்தேன். அப்புறம் அடுக்களையில் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டபடி நெனித்தாவோடு வெகுநேரம் பேசிவிட்டுப் போனார்.

தீர்த்தம் பட்ட பெட்டியில் திருட்டு வேலை செய்ய எனக்குத் தைரியம் இல்லை. அன்றோடு நிறுத்திவிட்டேன்.

மறுநாள் காலை குப்பைத்தொட்டியில் நாலு ஃபைல்!

நான் போடவில்லை. சத்தியமாகப் போடவில்லை. அழித்தேன். அடுத்த நாள் அதைவிட அதிகம். இண்டர்நெட் கம்பியைப் பிடுங்கினேன். வந்தது. வைரஸ் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. பாஸ்வேர்டை மாற்றினேன். அப்போதும் வந்தது. அதில் ஒன்றின் பெயர் ‘ருஃபினோ’. என் ஞானஸ்நானப் பெயர்!

அடுக்களைக்கு ஓடினேன். “நெனித்தா! முதல்ல வந்ததெல்லாம் நான் போட்டது. இப்ப வர்றது சத்தியமா நான் இல்ல!”

“தெரியும். இப்ப வர்றது நான்.” பாக்கெட்டில் மாம்பழச் சாறு ஊற்றிக்கொண்டே சொன்னாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

“நான்தான் போட்டேன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“ஃபைல் செஞ்ச நேரம் பக்கத்துலயே போட்டிருக்கே. நான் சந்தைக்குப் போற நேரமாப் பாத்துத்தான் பேய் வருமா?”

“பாஸ்வேர்டை மாத்தினேனே!”

“உங்க சண்டைச் சேவலோட பேருதானே? வேற யார் பேரை வைக்கப் போறீங்க? என் பேரையா?”

அசந்துபோனேன். எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரிவே திரண்டு வந்தாலும் இவள் சுண்டுவிரலுக்கு ஈடாகாது. இப்பேர்ப்பட்டவளைக் கட்டியிருக்கிறேனே என்ற பெருமையில் தோற்றதுகூட மறந்துபோயிற்று.

“அதெல்லாம் இருக்கட்டும், ஃபாதரை வரவழைச்சு அவரையும் ஏமாத்திட்டேனே. பாவமாச்சே?”

“பாவம்தான். போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வாங்க.”

போனேன். மண்டியிட்டு, தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த ஃபாதர் செல்சோவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“பத்து அருள்நிறை மரியே சொல்லு, மகனே. அப்புறம் கடையில போய் ஒத்தைக் கதவு ஃப்ரீசரை வாங்கிட்டு வந்துடாதே. நெனித்தா சொன்னது ரெண்டு கதவு.”