ரசமட்டம் தாங்கிய மேசை

காஞ்சிபுரத்தில் நேராக இருக்கிற பொருள் ஒன்றுகூடக் கிடையாது என்பது ரசமட்டத்தின் முடிவு. கோபுரங்களை மட்டும் அவர் இன்னும் தீர்ப்புக்கு எடுத்துக்கொள்ளவில்லை. மேலே ஏற விடமாட்டேன் என்கிறார்களாம்.

டைல்ஸ் ஒட்டும் கொத்தனார் அவர். மட்டம் பார்க்க, பச்சை நிறத் தண்ணீருக்குள் ஒரு குமிழி மிதக்குமே, அந்த ரசமட்டம் எந்நேரமும் இடுப்பில் இருக்கும். அதுவே பேராகிவிட்டது, சொந்தப் பேர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். டீக்கடை பெஞ்சில் முதலில் ரசமட்டம்தான் உட்காரும். குமிழி நடுவில் நின்றால்தான் இவர் உட்காருவார். நிற்காவிட்டால் பெஞ்சுக் காலுக்கு அட்டை மடித்து வைத்துக்கொண்டே இருப்பார். டீ ஆறி ஆடை கட்டிவிடும்.

அவர் மனைவி எஸ்தர் அக்கா கதை கதையாகச் சொல்வார்.

"எங்க கல்யாணத்துல பாஸ்டர் மோதிரத்த எடுக்குறாரு, மாப்பிளய காணம்! மேடை சாஞ்சிருக்குதுன்னு செங்கல் தேடிக்கினு பின்னால பூட்டாரு."

சின்ன காஞ்சிபுரத்தில் என் வீட்டு அடுக்களைக்கு அவர்தான் டைல்ஸ் ஒட்டினார். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் தாலாட்டுகிற மதியம். வேலை முடிந்தது என்று நிம்மதியாகக் கண்ணை மூடினேன். தறிச் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் சேர்ந்தது. அரைத் தூக்கத்தில் எழுந்து போனால், ஒட்டிய டைல்ஸை உடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணா இது?"

"ஒரு நூலு ஒசரம் ஏறியிருக்குதுபா."

"யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுதே!"

அந்த மாதம் முழுக்கக் கொல்லையில்தான் சமைத்தோம்.

சிரிக்க முடியாத சங்கதி ஒன்றும் இருந்தது. நாங்கள் ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள். மாதா மாதம் திருவிருந்தில் எல்லோரும் எழுந்து போய் அப்பமும் திராட்சரசமும் வாங்குவோம். அவர் மட்டும் பெஞ்சிலேயே இருப்பார். எஸ்தர் அக்கா தனியாகப் போய்த் தனியாகத் திரும்புவார். ஏன் என்று கேட்டால், "நேத்து சித்தாள்கிட்ட கத்திட்டேன்பா. மனசு கோணலா இருக்குது. நேராவட்டும், வரேன்" என்பார். மாதம் தவறாமல் ஏதாவது ஒரு கோணல் அவருக்கு அகப்பட்டது. வருஷக்கணக்காக, பந்திக்கு வெளியே நிற்கிற பசிக்காரர் மாதிரி அந்த மேசையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த சர்ச்சின் பழைய தரை மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. "கூலி வேணாம், நான் போடுறேன்" என்று இறங்கினார். ஒட்டினார், உடைத்தார், மறுபடி ஒட்டினார். நாங்கள் வெளியே வேப்பமரத்தடியில் ஆராதனை நடத்தினோம். ஒருவழியாக ஈஸ்டருக்குத் தரை தயார். எங்கே வைத்தாலும் குமிழி நடுவில் நின்றது. ஜன்னல் வெளிச்சம் புதுத் தரையில் விழுந்து, சபையே ஏரித் தண்ணீர்மேல் நிற்பதுபோல் இருந்தது. அந்தக் காட்சி இன்னும் என் கனவில் வருகிறது.

போதகர் கிண்ணத்தைத் திருவிருந்து மேசைமேல் வைத்தார். மேசை ஆடியது. ரசம் தளும்பியது. பழைய கோணல் தரைக்கு ஏற்றபடி, எந்தக் காலத்திலோ யாரோ அதன் கால்களைச் சீவியிருக்கிறார்கள். தரை நேரானதும் மேசை நொண்டியாகிவிட்டது!

ரசமட்டம் பாய்ந்து ஓடி, மண்டியிட்டு, குட்டையான காலை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார். நாங்கள் எல்லோரும் போய் வாங்கினோம். கடைசியில் போதகர் அப்பத்தோடு அவர் பக்கம் குனிந்தார்.

"வேணாம் பாஸ்டரய்யா. காலைல எஸ்தர்மேல எரிஞ்சி வுழுந்தேன். இன்னும் நேராவல."

"நேரானவங்களுக்குத்தான்னா நானே இத்த தொட முடியாதுபா. இது கிருபையா குடுக்குறது."

"கை காலியா இல்லீங்களே."

"கையால நீ ஒண்ணும் பண்ண வேணாம். வாயத் தொற."

திறந்தார். அவர் அழுத அழுகையில் மேசை இன்னும் ஆடியது. எஸ்தர் அக்கா ஓடிப்போய் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

அதற்காக ஆள் மாறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். பெஞ்சுக்கு இன்னும் அட்டை மடிக்கிறார்; டீயைச் சூடாகக் குடித்துவிட்டு மடிக்கிறார், அவ்வளவுதான். அந்த மேசையை மட்டும் அவர் சரிசெய்யவே இல்லை. ஒவ்வொரு திருவிருந்துக்கும் போய் மண்டியிட்டுப் பிடித்துக்கொள்வார்.

"ஏண்ணா, ஒரு கட்டை வச்சா நிக்காதா?"

"ஆடட்டும்பா. அங்க எனக்கு ஒரு எடம் கெடச்சிருக்குது."

நான் இப்போது இருப்பது வேறு ஊர். எங்கள் சாப்பாட்டு மேசை ஆடுகிறது. ஆசாரியைக் கூப்பிடச் சொல்லி வீட்டில் நச்சரிக்கிறார்கள். கூப்பிட மனம் வரவில்லை. அது ஆடும்போதெல்லாம் ரசமட்டம் எங்களோடு சாப்பிட உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.