நைத்திரேற்றரும் ஆளில்லாத வீடும்

வெள்ளவத்தையில் எந்த வீட்டில் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்பது பொலிசுக்குத் தெரியும் முன் ஒரு மனிதருக்குத் தெரிந்துவிடும். அதற்காக அவர் யாருடைய கதவையும் தட்டியதில்லை. கிணற்றில் ஒரு போத்தல் தண்ணீர் அள்ளினால் அவருக்குப் போதும். அவர்தான் எங்கள் நைத்திரேற்றர்.

அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. யாழ்ப்பாணத்தில் தண்ணீர் பரிசோதனைக் கூடமொன்றில் வேலை பார்த்தவர். வெங்காயத் தோட்டத்து உரம் எந்தக் கிணற்றில் இறங்குகிறது என்று கண்டுபிடித்துக் கொண்டிருந்தவரைச் சண்டை கொழும்புக்குத் துரத்தியது. கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒடுங்கிய ஒழுங்கையில், அன்ரி ஒருவர் நடத்திய லொட்ஜில், என் அறையின் மற்றக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தார். நான் கந்தோரொன்றில் கிளாக்கர். அவர் வேலை இல்லாதவர். ஆனால் எனக்குத்தான் ஓய்வு இருந்தது.

போத்தலுக்குள் ஒரு பொடியைப் போட்டுக் குலுக்குவார். கக்கூஸ் கழிவும் உரமும் தண்ணீரில் விடும் நைத்திரேற்று உப்பு இருந்தால் அது ரோஸ் நிறமாகும்; பட்டப்பெயர் வந்தது அதனால்.

"உங்கட கிணறு வெக்கப்படுது," என்பார் வீட்டுக்காரரிடம். "கக்கூசுக்குப் பக்கத்தில இருந்தால் ஆருக்கும் வெக்கம் வரும்தானே?"

போத்தலும் பொடியுமாய் ஒரு தமிழன் காலி வீதியில் நடப்பதற்கு அது நல்ல காலமில்லை. வீதிச் சோதனைச் சென்றியில் ஒரு சிப்பாய் துவக்கோடு மறித்தான்.

"மே மொகத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"வத்துர," என்றார். தண்ணீர்தான்.

அப்படியானால் குடித்துக் காட்டு என்று துவக்கால் சைகை செய்தான். நைத்திரேற்றர் பதறிப்போனார். "ஐயோ, இதையோ? கக்கூசுக்குப் பக்கத்துக் கிணத்துத் தண்ணி! செத்தாலும் குடியன்!" சிங்களத்தில் அவர் அதை விளக்கிய விதத்தில், சிப்பாய் துவக்கைத் தோளில் போட்டுவிட்டுத் தன் முகாம் கிணற்றைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினான்.

இன்னொரு நாள் லொட்ஜ் கக்கூசுக்குள் யாருக்கும் சொல்லாமல் ஒரு சாயத்தை ஊற்றிவிட்டார். சில நாள் கழித்து அன்ரி குளிக்கப் போய் வாளியைத் தூக்கினால், தண்ணீர் பச்சைப்பசேலென்று வெயிலில் ஒளிர்கிறது. அன்ரி போட்ட கூச்சலில் பூசகரைக் கூட்டிவர ஆள் ஓடியது.

"பயப்பிடாதேங்கோ அன்ரி. எங்கட கக்கூசும் கிணறும் சொந்தக்காரர். அதைத்தான் பார்த்தனான்."

அன்ரி திட்டித் திட்டியே புதுக் குழி கட்டுவித்தார்.

ஒழுங்கையின் கடைசியில், ரயில் பாதையை ஒட்டி, கலவரத்தில் எரிந்த மாடிவீடு ஒன்று நின்றது. சொந்தக்காரர் வெளிநாடு போய் வருடக்கணக்கு. சுவரெல்லாம் கரி, ஜன்னலுக்குத் தகரம். சில வாரங்களாக அங்கே சத்தம் கேட்டது. ஊரெல்லாம் உறங்கும் மத்தியான வெயிலில் உள்ளே யாரோ இருமுவார்கள். தகரத்தில் நகம் உரசும். யாரோ அழத் தொடங்கி, வாயைப் பொத்தியதுபோல் நின்றுவிடும். காகங்கள்கூட அந்தக் கூரையை விட்டுத் தள்ளியே இருந்தன.

அந்த மதிலுக்கு இந்தப் பக்கம் சுகந்தி கைக்குழந்தையோடு குடியிருந்தாள். புருஷன் வெளிநாட்டில். ஒரு காலை அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடிவந்தாள். பிள்ளையின் உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது. நகமும் நீலம். அழக்கூட இல்லை, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்த வீட்டுப் பேய் பிள்ளையின்ர ரத்தத்தை உறிஞ்சுது!" என்றார் அன்ரி. ஒருவரும் சிரிக்கவில்லை.

நைத்திரேற்றர் மட்டும் சுகந்தியைக் கேட்டார்: "பிள்ளை, பால்மாவை எந்தத் தண்ணியில கரைக்கிறனீர்?"

"குழாயில தண்ணி வாறேல்லை ஐயா. கிணத்துத் தண்ணிதான். நல்லாக் கொதிக்க வைச்சு..."

"கொதிக்கக் கொதிக்க நைத்திரேற்று கூடுமே ஒழியக் குறையாது! பிடியுங்கோ ஓட்டோவை!"

ஆஸ்பத்திரியில் குத்தி எடுத்த இரத்தம் கோப்பி நிறத்தில் இருந்ததாம். நைத்திரேற்று கைக்குழந்தையின் இரத்தத்தில் காற்றுப் பிடிக்க விடாது என்று நைத்திரேற்றர் சொன்னதை டாக்டர் பொறுமையாய்க் கேட்டு, ஊசி போட்டார். குழந்தை நிறம் மாறி, பெரிதாய் அழுதது. அப்படி ஒரு இனிமையான அழுகையை நான் கேட்டதில்லை.

பிறகு மூலத்தைத் தேடினார். ஒழுங்கையின் எல்லாக் கக்கூசுக்கும் சாயம் ஊற்றினார். ஒன்றும் சுகந்தியின் கிணற்றுக்கு வரவில்லை. ஆனால் எரிந்த வீட்டை நெருங்க நெருங்கக் கிணறுகளின் தண்ணீரில் ரோஸ் நிறம் கறுத்தது. மதிலடியில் நின்று போத்தலை வெயிலுக்குப் பிடித்தார்.

"இங்க வெங்காயத் தோட்டம் இல்லை. மாடும் இல்லை. பழைய குழியெண்டால் இத்தனை மழைக்குக் கழுவுப்பட்டிருக்கும். இது புதுசு." குரலைத் தாழ்த்தினார். "தம்பி, பேய் கக்கூசுக்குப் போறேல்லை."

பேய் என்று நம்பியபோது எனக்கு இவ்வளவு பயம் இருக்கவில்லை. கொழும்புக்கு வரும் தமிழர் எல்லாரும் பொலிசில் பதியவேண்டிய காலத்தில், பதியாமல், வெளியே தலைகாட்டாமல், அந்தக் கரிச்சுவர்களுக்குள் மனிதர்கள்!

மாலையில் ஒழுங்கையே கூடிவிட்டது. "எங்கயிருந்து வருதெண்டு சொல்லும். பொலிசைக் கூட்டிவந்து அடைப்பிப்பம்," என்றார் ஒரு பெரியவர்.

பரிசோதனை முடிவில் ஒரு சொட்டுப் பொய் கலக்காத மனிதர், எரிந்த வீட்டுப் பக்கம் பாராமல் லொட்ஜைக் காட்டினார்.

"லொட்ஜ் குழிதான்."

"என்ர புதுக் குழியோ!" அன்ரி பாய்ந்தார்.

"கட்டினவன் பிழையாக் கட்டிப்போட்டான். ஒருத்தரும் கிணத்துத் தண்ணி குடியாதேங்கோ."

அவருடைய போத்தல்கள் ஒழுங்கையில் பறந்தன. பின்னால் அவருடைய பெட்டியும் வந்தது.

அடுத்த நாள் மத்தியானம், போக முன், மதிலோரம் போய் நின்றார். நான் கூட நின்றேன். சுவரோடு கதைத்தார்.

"நீங்கள் ஆரெண்டு நான் கேக்கேல்லை. சொல்லவும் வேண்டாம். உங்கட குழி பக்கத்துக் கிணத்துக்குள்ள இறங்குது. அங்க ஒரு கைக்குழந்தை இருக்கு. மற்றப் பக்கத்தில வேற குழி இருந்தால் அதைப் பாவியுங்கோ."

கடல் இரைந்தது. ஒரு ரயில் போய் முடிந்தது. போகலாம் என்று அவர் கையைத் தொட்டேன். அப்போது தகரத்துக்குப் பின்னால் ஒரு பெண்ணின் குரல், மிக அருகில்:

"குழந்தை இப்ப எப்பிடி ஐயா?"

"சுகமம்மா," என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

கொட்டாஞ்சேனையில் அறை எடுத்தார். நானும் லொட்ஜை விட்டு அவரோடு போய்விட்டேன். ஞாயிறுதோறும் பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்து சுகந்தியின் கிணற்றைப் பார்ப்பார். நிறம் வெளிறியது. ஆனால் மெல்லிய ரோஸ் ஒன்று மிஞ்சியிருந்தது. "இருக்கினம்," என்பார். அன்று முழுவதும் நல்ல மனநிலையில் இருப்பார்.

மாரி மழைக்குப் பிறகு ஒரு ஞாயிறு, குலுக்கினார். நிறம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பொடி போட்டார். தண்ணீர் பளிங்காய் நின்றது. சுகந்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "நல்ல தண்ணியாப் போச்சுது என்ன, ஐயா?" என்று சிரித்தாள்.

"ஓம் பிள்ளை."

அந்த வீட்டு மனிதர்கள் கப்பல் ஏறினார்களா, பொலிஸ் பிடித்துப் போனதா, யாருக்கும் தெரியாது. மதிலுக்கு அப்பால் ஒரு இருமல்கூட இல்லை.

திரும்பும் பஸ்ஸில் வெறும் போத்தலை மடியில் வைத்திருந்தார். கிராண்ட்பாஸ் தாண்டும்போது தலையை என் தோளில் சாய்த்து உறங்கிவிட்டார். கொட்டாஞ்சேனையில் எங்கள் இறங்குமிடம் வந்தது. நான் எழுப்பவில்லை. பஸ் ஓட்டம் முடியும் முகத்துவாரம்வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தோம்.