ஒன்பது கட்டத்துத் தலைச்சுற்றல்

சுங்கை லிலின் தோட்டத்தில் தலை சுற்றுகிறவர்கள் இனிமேல் முறைப்படிதான் சுற்ற வேண்டும் என்று பெரிய ஆபீஸ் முடிவு செய்தது. கோலசிலாங்கூர் சாலையிலிருந்து செம்மண் பாதையில் மூன்று கிலோமீட்டர் உள்ளே கிடக்கிற மலேசியத் தோட்டம் அது, பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டம். அதுவரைக்கும் அங்கே யாருக்காவது தலை சுற்றினால் உட்கார்ந்துகொள்வார்கள், பக்கத்தில் இருப்பவர் தண்ணீர் கொடுப்பார், தெளிந்ததும் எழுந்து போவார்கள். ஒரு ஒழுங்கும் இல்லாமல் இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டார்களே என்று பெரிய ஆபீஸ் தலையில் கை வைத்துக்கொண்டது.

அது தாயம்மாவின் தலையில் வந்து விடிந்தது. செம்பனைக்கு அடியில் களைக்கு மருந்தடிக்கிற கும்பலில் அவளுக்குப் பதினெட்டு வருஷம். ஆறு மாதமாக, முதுகிலிருந்து மருந்துப் பம்பை இறக்கி வைத்தாலும் தலை நிற்க மாட்டேன் என்கிறது. மரமெல்லாம் ஒரே பக்கமாக ஓடுகிறது. கவர்மெண்டு ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, இந்தம்மாவை மருந்தடிக்கிற வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கடிதம் கொடுத்தார். தாயம்மா கேட்டது பெரிய பதவி ஒன்றும் இல்லை. நர்சரியில் நிழலில் உட்கார்ந்து பையில் மண் நிரப்புகிற வேலை, அவ்வளவுதான்.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி ரவீந்திரன் கடிதத்தைப் படித்துப் பரிதாபப்பட்டார். பரிதாபப்பட அவருக்கு அதிகாரம் இருந்தது, கையெழுத்துப் போடத்தான் இல்லை. அதற்கு நலப் பாதுகாப்பு அதிகாரி சசிகுமார் ரவாங் டவுனிலிருந்து வரவேண்டும்.

சசிகுமார் கழுத்தில் அட்டையும் கையில் டேப்லட்டுமாக வந்தார். முப்பது வயசுதான் இருக்கும், நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினார்.

"சுத்துதுன்னா எப்படிம்மா சுத்துது?"

"எப்படின்னா… சுத்துது சார்."

"அதான் நம்ம ஆளுங்ககிட்ட பிரச்சனை. எல்லாத்துக்கும் ஒரே சொல்லு. இங்கிலீஷ்ல எத்தனை இருக்கு பாருங்க."

டேப்லட்டில் ஒன்பது கட்டம் இருந்தது. தலை சுற்றுவதற்கு உள்ள ரீல் என்ற ஆங்கிலச் சொல்லையும், அகராதியில் அதற்குச் சொந்தபந்தமாக நின்ற சொற்களையும் பெரிய ஆபீஸ் அப்படியே அள்ளிக்கொண்டு வந்து இறக்கியிருந்தது. ஆள் நிற்க உலகம் சுற்றினால் வேர்ல். உலகம் நிற்க ஆள் சுற்றினால் ஸ்பின். கால் பின்னினால் ஸ்டேகர், திடீரென்று ஒரு பக்கம் சரிந்தால் லர்ச், நின்ற இடத்திலேயே ஆடினால் ஸ்வே, வயசாகித் தள்ளாடினால் டோட்டர், அறை வாங்கியது போலப் பின்னால் போனால் ரீல். எட்டாவது கட்டம், மீன் பிடிக்கிற தூண்டிலில் நரம்பு சுற்றுகிற உருளை. ஒன்பதாவது, ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆடுகிற ஒரு நடனம்.

தூண்டில் எதற்கு என்று கிராணி மெதுவாகக் கேட்டார். பெரிய ஆபீஸ் வைத்திருந்தால் காரணம் இருக்கும் லா என்றார் சசிகுமார்.

மரம் ஓடுகிறது என்று தாயம்மா சொன்னதால் முதலில் வேர்ல் என்று தட்டினார்கள். உடனே கம்ப்யூட்டர், ஓடுவது மரம் என்பதால் மனுவை மரங்களுக்குப் பொறுப்பான பிரிவுக்கு அனுப்பிவிட்டது. அங்கிருந்து இரண்டு பேர் நாடாவோடு வந்து ஒரு நாள் முழுக்க அளந்தார்கள். எந்த மரமும் இடம் மாறவில்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். மனு தள்ளுபடி.

மற்ற கட்டங்களுக்கு விதி வேறு. அசைவை அதிகாரி தன் கண்ணால் காண வேண்டும். தாயம்மாவை எதிரே நிற்கச் சொன்னார்கள்.

இங்கேதான் வினை. தாயம்மா பதினேழு வயசிலிருந்து விடிகாலைப் பெரட்டு வரிசையில் நின்றவள். பெரட்டில் பேர் கூப்பிடும்போது கொஞ்சம் ஆடினாலும், குடித்துவிட்டு வந்திருக்கிறாய் என்று வேலை வாங்குகிற மண்டோர் வீட்டுக்குத் துரத்திவிடுவார், அன்றைய பேரும் கூலியும் போய்விடும். காய்ச்சலில் நின்றிருக்கிறாள், நிறைமாதத்தில் நின்றிருக்கிறாள். அதிகாரி என்று ஒருவர் எதிரே வந்துவிட்டால் அந்த உடம்பு அவளைக் கேட்காமலே விறைத்துக்கொள்ளும். மூன்று நிமிஷம் நின்றாள். உள்ளே ஆபீஸ், நாற்காலி, சசிகுமார் எல்லாம் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு மயிரிழை அசையவில்லை.

அசைவு இல்லை என்று சசிகுமார் பதிந்துகொண்டு திரும்பினார். அவர் திரும்பியதும் தாயம்மா வாசல் படியில் பொத்தென்று விழுந்தாள். கிராணி பதறிப்போய் அவரைக் கூப்பிட்டார். விழுவது வேறு படிவம், படியில் விழுந்தால் கட்டடப் பிரிவு என்று சொல்லிவிட்டு சசிகுமார் காரில் ஏறினார். பாவி மனுஷன், கார்க் கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினார்.

செய்தி ஜனங்கள் குடியிருக்கிற லயம் முழுக்கப் பரவியது. தலை சுற்றுகிறதா இல்லையா என்பது கணக்கில்லை, அதிகாரி பார்க்கிற மாதிரி ஆடினால் நர்சரி வேலை என்று ஜனங்கள் புரிந்துகொண்டார்கள். பெரிய ஆபீசும் விடவில்லை, நாசி லெமாக் சோறும் டீ சட்டையும் கொடுத்துத் தள்ளாட்ட விழிப்புணர்வுப் பயிலரங்கு நடத்தியது. குலை வெட்டுகிற கார்த்திகேசு, எந்தக் கல்யாணத்திலும் ஆடாமல் சாப்பிட உட்கார மாட்டார். அவர் ஒன்பதாவது கட்டத்தை எடுத்து ஆடிக் காட்டினார். ஸ்காட்லாந்து ஆட்டத்தை அங்கே யாரும் பார்த்ததில்லை, அதனால் தப்பு என்று சொல்லவும் ஆள் இல்லை. முழு மதிப்பெண்.

பக்கத்து வீட்டு நித்தியா தாயம்மாவுக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுத்தாள். சும்மா சாயுங்கக்கா, யாரு பார்க்கப் போறா என்பாள். சமையலறையில் தாயம்மா அருமையாகத் தள்ளாடினாள், ஒரு தடவை குழம்புச் சட்டியே கவிழ்ந்தது. நித்தியா அதைப் பார்த்துப் பார்த்துத் தானும் கற்றுக்கொண்டு போய் லர்ச்சில் தேறிவிட்டாள். தாயம்மாவோ சசிகுமாரின் சப்பாத்துக் காலடிச் சத்தம் கேட்டதுமே கொடிக்கம்பம் ஆகிவிட்டாள்.

ஒரு மாதத்தில் தோட்டத்து முப்பத்து மூன்று பேரில் முப்பத்திரண்டு பேருக்கு அத்தாட்சிப் பத்திரம் வந்துவிட்டது. மண் நிரப்ப முப்பத்திரண்டு பேர், மருந்தடிக்க ஒரே ஆள். தலைச்சுற்றல் அறவே இல்லாதவர் என்று தாயம்மாவின் பேரைப் போர்டில் ஒட்டினார்கள். நீங்க கொடுத்து வச்சவங்கக்கா என்று நித்தியா மனசாரச் சொன்னாள்.

மறுநாள் பெரட்டு. பத்திரம் வாங்கியவர்கள் தினமும் தங்கள் கட்டத்தைச் செய்து காட்டினால்தான் பத்திரம் செல்லும் என்பதால் சசிகுமார் விடிகாலையிலேயே வந்து நின்றார். முப்பத்திரண்டு பேரும் ஆடினார்கள், சரிந்தார்கள், கால் பின்னினார்கள். முன்னால் தாயம்மா, காலடியில் நிறைத்த பம்பு. அவள் திரும்பிப் பார்த்தாள். அவள் தலை ஒரு பக்கம் சுற்ற, இவர்கள் மறுபக்கம் ஆட, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக மனுஷர்கள் அசையாமல் தெரிந்தார்கள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்ப எப்படிம்மா இருக்கு?" என்றார் சசிகுமார்.

"எல்லாரும் நேரா நிக்கிறாங்க சார்."

சசிகுமார் முகம் மலர்ந்து, பூரண குணம் என்று பதிந்தார். எல்லாரும் ஆடிக்கொண்டே கை தட்டினார்கள். கார்த்திகேசு விசிலே அடித்தார்.

தாயம்மா பம்புக்குக் குனிந்தாள். நிறைத்த பம்பைப் பக்கத்தில் இருப்பவர் தூக்கி முதுகில் ஏற்றிவிடுவதுதான் அந்தத் தோட்டத்தில் வழக்கம். அவள் நித்தியாவைப் பார்த்தாள், கார்த்திகேசுவைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. பம்பைத் தூக்கிவிட வேண்டும் என்றால் தூக்குகிறவர் ஒரு நொடியாவது கால் ஊன்றி நேராக நிற்க வேண்டும். சசிகுமார் பார்த்துக்கொண்டிருந்தார்.