பன்றி நாணயம் கைநழுவிய படலம்

பிப்ரவரி மூன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு, ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள வங்கியில் பன்றி ஆண்டு நினைவு நாணயங்கள் நாற்பது விற்பனைக்கு வந்தன. ஆளுக்கு ஒன்று. டோக்கன் கட்டாயம்.

மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்க்கும் வித்தகனே, வாழி! சந்திர நாட்காட்டியில் ஆண்டுகளுக்குப் பெயர் தரும் பன்னிரு விலங்குகளுள் எலி முதல் நாய் ஈறாகப் பதினொன்றை ஆண்டுக்கு ஒன்றாய் வேட்டையாடி, வெல்வெட்டுப் பேழையில் சிறைவைத்த செம்மலே, வாழி! பேழையின் பன்னிரண்டாம் குழியோ, பல் விழுந்த வாய்போல, பன்றிக்காகப் பிளந்து கிடந்தது. நாணயத்தில் விரல்ரேகை படுவதைக் குலத்துக்கு நேர்ந்த களங்கமாகக் கருதிய அத்தூயோன், மணிக்கட்டுவரை வெண்பருத்திக் கையுறை பூண்டு, போர்க்கோலத்தில் நாற்பதாம் ஆளாக நின்றான். அவன் முதுகுக்குப் பின்னே அதே பன்றிக்கு ஏங்கும் இன்னொரு பேழையின் அதிபதி: மனைவியின் அண்ணன், லிஃப்ட் பழுதுபார்ப்போன், பொத்தான் அழுத்தியே வயிறு வளர்த்த மசகுக்கறை விரலோன்.

முப்பத்தொன்பது சீட்டுகளை ஈன்று களைத்த டோக்கன் இயந்திரத்தின் தொடுதிரையை, யானை மத்தகத்தில் வேல் பாய்ச்சும் வீரனென, நம் நாயகன் குத்தினான். திரை அசையவில்லை. ஏழு முறை குத்தினான். பஞ்சு போர்த்திய விரலை அந்தப் பாழும் கண்ணாடி விரலென்றே மதிக்கவில்லை. உறையை உரிப்பதா? முப்பத்தொன்பது பேரின் வியர்வையைத் தொட்ட கையால் பன்றியைத் தொடுவதா? இருதலைக்கொள்ளி எறும்பாய்த் தவித்தவன், பகைவனிடமே திரும்பினான்.

“மச்சான், கொஞ்சம் அழுத்திக் குடுங்களேன்.”

மசகு விரல் ஒருமுறை தொட்டது. நாற்பதாம் சீட்டு நாக்கு நீட்டியது. மைத்துனன் அதை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“மச்சான், அது என்னோடது.”

“அழுத்துனது யாரு மாப்பிள்ளை?”

“கையில உறை இருந்துச்சு, அதான்.”

“பன்னியத் தொட இவ்வளவு சுத்தமா?”

வரிசை சிரித்தது. உறையைப் பிய்த்தெறிந்த நாயகன் வெறுங்கையால் நாற்பத்தொன்றாம் சீட்டைப் பறித்துக்கொண்டு, கோட்டை இழந்த மன்னனென நடந்தான். எதிரே, வென்றவன் கடைசிப் பன்றியைக் கட்டைவிரலால் வருடி, ஐயகோ, கால்சட்டையில் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தான். அதைக் கண்டு விண்ணும் மண்ணும் அதிரவில்லை. கவுன்ட்டர் பெண்மணி மட்டும் நிமிர்ந்தாள்.

“பன்னி முடிஞ்சிருச்சு சார். அடுத்த வருஷம் எலி. பேரு எழுதிக்கட்டுமா?”

எலி ஏற்கெனவே பேழையில் இருந்தும், வில்லை தேய்ப்பவர் தன் பெயரைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்.