அவரை விட்டால் ஆளில்லை

“உங்களை விட்டா வேற ஆளே இல்லைன்னு எழுதணும். அவ்வளவுதான்,” என்றார் கம்பெனியில் விசா வேலைகளைப் பார்க்கும் அதிகாரி அம்மா.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். “அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே மேடம்.”

“அதை நீங்களே சொன்னா எப்படி? இந்த வேலைக்கு எங்க நாட்டுலயே ஆள் கிடைக்கும், நீங்க எதுக்குன்னு தூதரகத்துல கேப்பாங்க. கேட்டுட்டாங்க.” திரும்பி வந்த மனுவை மேசைமேல் போட்டார்.

அது சோப்புக் கம்பெனி. கட்டிகளுக்கு உறை போடும் பழைய மெஷின்கள் இரண்டு அவர்களிடம் இருந்தன. ஒன்று இங்கே, மற்றது வெளிநாட்டுக் கிளையில். இங்கிருந்தது மெக்கானிக்கின் பேச்சைக் கேட்டு ஓடியது. அங்கிருந்தது யார் பேச்சையும் கேட்காமல் நின்றுபோனது. மெக்கானிக்கை அங்கே மாற்றுவதென்று முடிவாயிற்று.

முடிவான வாரமே அவர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டார். கட்டிலையும் பீரோவையும் விற்றார். விசா வரும்வரை நாலு நாள்தானே என்று, மனைவியோடு மாமனார் வீட்டு ஹாலில் பாயை விரித்தார். பாய் நாலு மாதமாக விரிந்தே கிடந்தது.

மாமனார் கெட்டவர் இல்லை. காலையில் மாப்பிள்ளையின் தலைமாட்டில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார். விமானம் பற்றி எது வந்தாலும் சத்தமாகப் படிப்பார்.

“நேத்துக்கூட நிறைய பேர் கிளம்பிப் போயிருக்காங்க மாப்பிள்ளை.”

மெக்கானிக் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வார்.

“எங்கப்பா சாதாரணமாத்தான் சொன்னார்,” என்பாள் மனைவி.

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“போர்வை சொல்லுதே.”

ஆகவே, தன்னை விட்டால் ஆளில்லை என்று எழுத அவர் சம்மதித்தார். அதிகாரி அம்மா வஞ்சனை இல்லாமல் எழுதினார். மெக்கானிக் தொடாவிட்டால் மெஷின் அசையாது, மெஷின் அசையாவிட்டால் கம்பெனி அசையாது என்ற ரீதியில் போயிற்று கடிதம்.

மேனேஜர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுபவர். அன்று பார்த்துப் படித்துவிட்டார்.

“இதெல்லாம் நிஜமா?”

“நிஜம்தான் சார்,” என்றார் மெக்கானிக், மாமனாரை நினைத்துக்கொண்டு.

“அப்ப உங்களை அனுப்பிட்டு நான் இங்க என்ன பண்றது? கையால உறை போடறதா?”

கடிதம் கையெழுத்தாகவில்லை. போவதற்கு முன் இங்கே ஒருவருக்குத் தொழிலைக் கற்றுக்கொடுக்கும்படி உத்தரவாயிற்று.

பேக்கிங் பிரிவில் மீசை என்று ஒருவர் இருந்தார். வயதிலும் மீசையிலும் மெக்கானிக்கைவிடப் பெரியவர். ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டார். மெஷின் அவர் பேச்சையும் கேட்டது. மேனேஜர் மகிழ்ந்து கையெழுத்துப் போட்டார். மனு மறுபடி போயிற்று.

தூதரகத்திலிருந்து விசாரிக்கப் போன் வந்தபோது மெக்கானிக் சாப்பிடப் போயிருந்தார். மீசைதான் எடுத்தார்.

“அந்த மெஷினை ஓட்ட அங்க வேற யாருக்காவது தெரியுமா?”

“ஏன் தெரியாது? நானே ஓட்டுவேன். ஒரு வாரத்துல கத்துக்கிட்டேன். நேர்ல வாங்க, உங்களுக்கும் சொல்லித் தரேன்.”

மனு திரும்பி வந்தது. ஒரு வாரத்தில் கற்கக்கூடிய வேலைக்கு விசா தரத் தேவையில்லை என்றது தூதரகம். அவர் இல்லாமல் முடியாதென்று அங்குள்ள கிளையின் தலைவரே உறுதி சொன்னால் யோசிக்கலாமாம்.

கிளைத் தலைவர் உஷாரான ஆள். கண்ணால் பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன் என்றார். வீடியோவில் பார்ப்பதாக ஏற்பாடு.

மெக்கானிக் மீசையைத் தனியே அழைத்துப் போனார்.

“அண்ணே, ஒரு உதவி. அவர் பாக்கும்போது மட்டும் மெஷினை ஓட்டத் தெரியாத மாதிரி நில்லுங்க.”

“தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரியா?”

“ரெண்டே நிமிஷம்.”

“என்னைப் பாத்தா கேனயன் மாதிரி இருக்கா தம்பி? ஆபரேட்டர் ஆயிட்டேன்னு சம்பந்தி வீடு வரைக்கும் சொல்லி வெச்சிருக்கேன்.”

“என் நிலைமை உங்களுக்குத் தெரியாதுண்ணே. மாமனார் வீட்டு ஹால்ல கிடக்கேன்.”

“நான் வீட்டோட மாப்பிள்ளை. முப்பது வருஷமா கிடக்கேன். செத்தா போயிட்டேன்?”

வீடியோவுக்குச் சற்று முன், எல்லோரும் சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, மெக்கானிக் மெஷினின் அடியில் கையை விட்டு ஒரு திருகை லேசாகத் தளர்த்தினார். அப்படி ஒரு திருகு இருப்பதை மீசைக்கு அவர் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

திரையில் கிளைத் தலைவர் தோன்றினார். மேனேஜர் வணக்கம் சொன்னார். மீசை மீசையை நீவிவிட்டு பொத்தானை அழுத்தினார்.

முதல் சோப்பு ஒழுங்காக வந்தது. இரண்டாவது உறையில்லாமல் வந்தது. மூன்றாவதாக உறை மட்டும் வந்தது. பிறகு மெஷின் சோப்புகளைத் துப்பத் தொடங்கியது. ஒன்று மேனேஜரின் தோளைத் தாண்டிப் போயிற்று. மீசை நிறுத்தினார், ஓட்டினார், தட்டினார், கும்பிட்டார். பயனில்லை.

“இப்ப அவரை வரச் சொல்லுங்க,” என்றார் திரையிலிருந்தவர்.

மெக்கானிக் போனார். அடியில் கையை விட்டார். மெஷின் பசுவைப்போல ஓடியது.

கிளைத் தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். மேனேஜர் கைதட்டவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மீசை யாரையும் பார்க்காமல், உருண்டுபோன சோப்புகளைப் பொறுக்கினார். மெக்கானிக்குக் குனிந்து உதவ வேண்டும்போல் இருந்தது. விசாவை நினைத்து நிமிர்ந்தே நின்றார்.

அதன்பின் தூதரகம் எதுவும் கேட்கவில்லை. சில வாரங்களில் விசா வந்தது.

மாமனார் அன்று பேப்பர் படிக்கவில்லை. மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பாயை அவரே சுருட்டினார்.

“இன்னும் டிக்கெட் வரலப்பா,” என்றாள் மகள்.

“வந்துடும்மா. பாய் எதுக்கு வழியில?”

மறுநாள் காலை மேனேஜர் போன் செய்தார். “உடனே கிளம்பி வாங்க. உங்களுக்காகப் பெரிய ஏற்பாடு பண்ணியிருக்கோம்.”

“டிக்கெட்டா சார்?”

“நேர்ல வாங்க, சொல்றேன்.”

“டிக்கெட்தான்,” என்றார் மாமனார். பெட்டிகளை அவரே தூக்கிக் காரில் வைத்தார். இப்படியே விமான நிலையம் போய்விடலாமாம். மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து அவரே ஓட்டினார். இத்தனை மாதத்தில் முதல்முறையாக ஏதோ பாட்டு முணுமுணுத்தார். மெக்கானிக்கும் கூடவே முணுமுணுத்தார்.

கம்பெனி வாசலை அடைத்துக்கொண்டு ஒரு நீள லாரி நின்றது. அதன்மேல் அறையளவு மரப்பெட்டி. மாமனார் விடாமல் ஹாரன் அடித்தார். லாரி டிரைவர் இறங்கி வந்து கார் ஜன்னலில் குனிந்தார்.

“கொஞ்சம் பொறுங்க பெரியவரே, வெளிநாட்டுக் கிளைலேர்ந்து கப்பல்ல வந்த மெஷின் இது, இதைச் சரி பண்ண உலகத்துலயே ஒரே ஒருத்தர்தான் இருக்காராம், அவரைக் கிளப்பினா இங்க இருக்கிறதும் நின்னுடும்னு மெஷினையே அவர்கிட்ட அனுப்பி வெச்சுட்டாங்க.”