பார்த்து என்று சொல்லாத அப்பா

நெம்மேலி,
வெள்ளிக்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மச்சான் ராஜாராம் அவர்களுக்கு, தங்கள் தங்கை கல்யாணியின் கணவன் சரவணகுமார் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் குழந்தை அனுவும் சுகம். படாளத்தில் தாங்களும் அக்காவும், கரும்பும் மாடுகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போனில் பேசினால் என்னைப் பேசவிட மாட்டீர்கள் என்பதால், நாளைக்கே கிடைக்கும்படி கூரியரில் இந்தக் கடிதம்.

"இன்னா மாப்ள, மண்ணுல ஆடறதுக்குக்கூட ஒரு இஸ்கூலா? நாலு வயசுப் புள்ள அப்பன் வெரலையே வுடாம நின்னுகினு கீதாம். ஞாயித்துக்கெயம வந்து இட்டுகினு பூடறேன், இங்க சேத்துக்கலாம்" என்றீர்கள். வர வேண்டாம் மச்சான். பயிற்சிக்காகப் புனேவுக்குப் போன கல்யாணி மூன்று மாதம் கழித்துத்தான் வருவாள். அனுவும் இல்லையென்றால் அந்த வீட்டில் நான் சுவரோடுதான் பேச வேண்டும். அது ஒருபுறம் இருக்கட்டும். இங்கே எல்லாம் என் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

பள்ளி என்றால் கட்டடம் கிடையாது. கடற்கரையை ஒட்டிய சவுக்குத் தோப்பு, ஒரு சேற்றுப் பள்ளம், தண்ணீர்த் தொட்டி, சாய்ந்து வளர்ந்த பூவரச மரம், அவ்வளவுதான். முதல் வாரம் மட்டும் பெற்றோரில் ஒருவர் உள்ளே பெஞ்சில் உட்காரலாம், ஆனால் 'பார்த்து' என்ற வார்த்தையை மட்டும் சொல்லக் கூடாது. பள்ளியை நடத்தும் ரூத் மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்: "சார், புள்ளைங்க பாத்துதான் ஆடும். நீங்க கம்முனு குந்தினு இருங்க, போதும்." யாரிடம் சொல்கிறார் பாருங்கள்! பன்னிரண்டு மாடி அலுவலகத்துக்குப் பாதுகாப்பு அதிகாரி நான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எனக்குச் சம்பளமே. இருந்தாலும் ஒப்புக்கொண்டேன், இன்றுவரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

திங்களன்று லேசாக இருமினேன், அவ்வளவுதான். அனு என் விரலை விட்டு ஒரு எட்டு வைத்தாள், அங்கே ஒரு மரவட்டை சுருண்டு கிடந்தது, எனக்குத் தொண்டை கமறியது, அவள் உடனே திரும்பி வந்து விரலைப் பிடித்துக்கொண்டாள், மறுபடி கிளம்பினாள், சேறு வழுக்கும் என்று தோன்றியது, மறுபடி கமறியது, மத்தியானத்துக்குள் ரூத் மேடம் வந்து, "சார், உங்க இருமல் நல்லாவே தமிழ் பேசுது. நாளைக்கி மாத்திர போட்டுகினு வாங்க" என்றார். செவ்வாயன்று இருமவே இல்லை. அதற்குப் பதிலாக அலுவலகத்தில் கழித்துப்போட்ட ஆரஞ்சு நிறக் கூம்புகளைக் கொண்டுபோய்ச் சேற்றுப் பள்ளத்தைச் சுற்றி வைத்தேன். பிள்ளைகள் அவற்றைக் கவிழ்த்து, சேற்றை அடைத்து, புட்டு அவித்து எனக்கும் பரிமாறினார்கள். நல்ல வரவேற்பு என்று எடுத்துக்கொண்டேன். புதனன்று அனுவுக்கு மாட்டிவிட்ட ஹெல்மெட்டை ரோஹித் என்ற பொடியன் கழற்றிக்கொண்டு போய் அதில் கடல் தண்ணீர் ஊற்றி ஒரு நண்டு வளர்க்கிறான். ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட வீட்டில் குடியிருக்கும் நண்டு இந்தக் கடற்கரையில் அது ஒன்றுதான் என்பதில் எனக்குப் பெருமையே. நேற்று எதையும் கொண்டுபோகவில்லை. வாயைத் திறக்காமல் பூவரச மரத்தடியில் இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு நின்றேன், அந்த ரோஹித் மேலே கிளையிலிருந்து, "அங்கிள், இன்னா கேக்குறீங்க?" என்று ஒரு பூவரசங்காயைப் பறித்து என் கையில் போட்டான், அதற்குள் ரூத் மேடம் வந்து, "சார், நாளையிலேர்ந்து கேட்டுக்கு வெளில இருங்க" என்று கேட்டுக்கொண்டார். இத்தனை நாளாக வெளிப்புறத்தை யாருமே கவனிக்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

ஆகவே இந்தக் கடிதத்தை மதில் சுவரை ஒட்டி நிறுத்திய பைக்கில் உட்கார்ந்து, பொறுப்போடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அனு என் விரலை விடாதது பயமல்ல மச்சான், பாசம். மரம் ஏறுகிற சுபாவம் அவளுக்கு இல்லை. அப்பாவைப் போலவே நிதானமான பிள்ளை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை தாங்கள் சிரமப்பட வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். புதிதாகப் பிறந்த கன்றுக்குட்டிக்கு அனுவின் முத்தம். வயலில் வரப்பு வழுக்கும், பார்த்து நடக்கவும்.

தங்கள் அன்புள்ள,
சரவணகுமார்

பின்குறிப்பு: மச்சான், கடிதத்தை ஒட்டுவதற்குள் உள்ளே சத்தமே இல்லாமல் போய்விட்டது. பிள்ளைகள் கத்தினால் எனக்குப் பாதி பயம், கத்தாவிட்டால் முழு பயம். பைக் சீட்டின்மேல் ஏறி, மதிலில் முழங்காலை வைத்து எட்டிப் பார்த்தேன். பூவரச மரத்தில், என் தலைக்கும் மேலே, ஒரு கிளையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது நம் அனு. தனியாக ஏறியிருக்கிறாள். முகமெல்லாம் சேறு, வாயெல்லாம் சிரிப்பு. அடிவயிற்றிலிருந்து அந்த வார்த்தை கிளம்பிவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்திவிட்டேன், சத்தியமாகச் சொல்லவில்லை. அவள்தான் என்னைப் பார்த்துவிட்டு, தோப்பே அதிரக் கத்தினாள்: "அப்பா! பாத்து!"

விழுந்துவிட்டேன்.

கணுக்காலில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். ரூத் மேடமே ஆட்டோவில் ஏற்றிவிட்டு, "அந்த வார்த்தைய சொன்னதுக்கு அனுவ ஒண்ணும் சொல்ல மாட்டேன் சார். தேவப்பட்ட எடத்துலதான் சொன்னா" என்றார். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் பஸ் இருக்கிறது. கூட்டிக்கொண்டு போவதற்கு அல்ல. திங்கட்கிழமை அவளைப் பள்ளி வாசலில் விட என்னால் நடக்க முடியாது.

ஒன்று மட்டும், விரலை நீட்டிப் பார்க்காதீர்கள். சாயங்காலம் வீட்டு வாசலில் நான் நீட்டினேன். அவளுடைய இரண்டு கை நிறையக் கிளிஞ்சல். "கையில எடமில்லப்பா" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் ஓடிவிட்டாள். வலித்தது மச்சான். கணுக்காலைத்தான் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.