ஜன்னலோர சீட்டில் மாப்பிள்ளை

பஸ் கண்டக்டருக்கு வாழ்க்கையில ஒரே ஒரு கனவுதான். ஜன்னலோர சீட்டு.

ஊருக்கெல்லாம் உட்கார இடம் காட்டறவரு, தான் மட்டும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே காலத்தை ஓட்டிட்டாரு. வீட்டுல இருக்கறது ஒரே ஜன்னல். சாயங்கால வெயில் அது வழியா பூனை மாதிரி உள்ள நுழைஞ்சு, தரையில சோம்பல் முறிச்சுப் படுக்கும். அங்க ஈஸிசேரைப் போட்டு, அந்த மஞ்சள் வெளிச்சம் மடியில ஏற, கண்ணை மூடிக் கிடந்தா... விசிலும் இல்ல, மிதிபாடும் இல்ல. நினைக்கும்போதே அவருக்குப் பாதித் தூக்கம் வந்துடும்.

ஆனா அங்க ஏற்கெனவே ஒருத்தர் உட்கார்ந்திருந்தாரு. பொண்டாட்டியோட கள்ளிச்செடி. ஸ்டூல் மேல, தொட்டிக்குள்ள, ஜம்முனு. ஒரு வேலையும் செய்யாம மரியாதையை மட்டும் வாங்கிக்கறதால அவரு அதுக்கு வெச்ச பேரு மாப்பிள்ளை.

ஒருநாள் மாப்பிள்ளையோட அடிப்பக்கம் பழுப்பா இருந்துச்சு. முள்ளுக்கு நடுவுல விரலை விட்டு அமுக்கிப் பார்த்தாரு. கல்லு. அழுகாம கல்லு மாதிரி கெட்டியா இருந்தா என்ன? யாருக்குத் தெரியப் போகுது?

"அடியே, இங்க வா! உன் செடி அழுகுது!"

பொண்டாட்டி ஆஸ்பத்திரி நர்ஸு. வந்தா, குனிஞ்சா, மோந்து பார்த்தா. ஸ்பூன் காம்பால அடியில தட்டினா. டொக் டொக். அப்புறம் புருஷன் மூஞ்சியைப் பார்த்தா, செடியைப் பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

"ஆமாங்க. அழுகல்தான்."

"ஐயோ பாவம். மனசைத் தேத்திக்கோ. நானே கொண்டு போய்க் குப்பையில..."

"என்னங்க பேசறீங்க? பேஷண்டைக் குப்பையிலயா போடுவாங்க?"

"பின்ன?"

"ஈர மண்ணை உதறிட்டு, வேர் காயப் படுக்க வைக்கணும். சொட்டுத் தண்ணி கூடாது. காத்து வரணும், வெளிச்சம் வேணும்."

"அப்படி ஒரு இடம் நம்ம வீட்டுல எங்கடி இருக்கு?"

"இருக்கே!"

இருட்டு மூலையில கிடந்த ஈஸிசேரை இழுத்துட்டு வந்தா. ஸ்டூலை நகர்த்தினா. ஜன்னலோரமா, அவரு மனசுக்குள்ள போட்டு வெச்சிருந்த அதே இடத்துல, அதே சாய்வுல போட்டா. மாப்பிள்ளையைத் தொட்டியிலேர்ந்து எடுத்து, மண்ணை உதறி, அலுங்காம அதுல படுக்க வெச்சா.

சாயங்காலம் வெயில் வந்துச்சு. மெல்ல ஊர்ந்து ஈஸிசேர்ல ஏறுச்சு. கண்டக்டர் கனவு அச்சு அசலா நடந்துச்சு. ஆள் மட்டும் வேற.

"எப்ப டிஸ்சார்ஜ்? நாளைக்கா?"

"அழுகல் லேசுல போற வியாதியாங்க? மழைக்காலம் முடியட்டும்."

பாயில உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, ஒருநாள் மனுஷன் உடைஞ்சுட்டாரு.

"அடியே, அது அழுகலே இல்லடி. அன்னிக்கே அமுக்கிப் பார்த்தேன். கல்லு."

"தெரியும். அழுகினா கொழகொழன்னு இருக்கும், நாத்தம் வரும். இது வயசானா வர்ற பழுப்பு. உங்க கழுத்துல இருக்கே, அது மாதிரி."

"தெரிஞ்சுமா படுக்க வெச்சே?"

"எப்படியும் தொட்டி மாத்தணும், வேர் காயணும்னு இருந்தேன். இடம்தான் இல்லாம இருந்துச்சு. நீங்களா குடுத்தீங்க."

மாப்பிள்ளை பெரிய தொட்டியில, பழையபடி ஜன்னலோர ஸ்டூல்ல ஏறிட்டாரு. ஈஸிசேர் இருட்டு மூலைக்குத் திரும்புச்சு. மூலையானாலும் சரின்னு கண்டக்டர் பாய்ஞ்சு உட்கார்ந்தாரு. அதே வேகத்துல எழுந்தாரு. சேர் துணி பூரா மாப்பிள்ளையோட முள்ளு.

அன்னிக்கு டீயை அவரு டியூட்டியில இருக்கற மாதிரியே குடிச்சாரு. ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, நின்னுக்கிட்டே.